சும்மா ட்யூப்

என் இடது கை நரம்பு நல்ல நரம்பு. ரத்தம் எடுக்கிறவர்கள் எல்லாரும் இதைச் சொல்வார்கள். சில பேருக்கு நரம்பைத் தட்டித் தட்டித் தேடி, கையைத் தொங்கவிடச் சொல்லி, அங்கே குத்தி இங்கே குத்தி, கடைசியில் மன்னிப்பும் கேட்டுக்கொண்டு போவார்கள். என்னிடம் அந்த வம்பே கிடையாது. ரப்பர் பட்டியைக் கட்டியதும் அதுவாகவே எழுந்து வந்து நிற்கும். "அக்கா, எல்லாரும் உங்கள மாதிரி இருந்துட்டா எங்களுக்கு வேலை சுலபம்" என்று ஒரு நர்ஸ் சொன்னாள். எல்லாரும் என்னை மாதிரி இருந்துவிட்டால் உலகத்தில் பல பேருக்கு வேலை சுலபம்தான். நான் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

விசாரணைக்கு வந்த நீங்கள் நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன் ஐயா. எதையும் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் பிடிபடும். நீங்கள் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் இல்லை என்பது பார்த்தாலே தெரிகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் 'சும்மா ட்யூப்' என்றதும் நீங்கள் சிரித்தீர்கள். எங்கள் ஆய்வகத்தில் அதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எங்கள் ஆய்வகம் மூட்டுவலி க்ளினிக்குக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே வருகிறவர்களில் யாருக்கு உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொள்கிறது, யாருக்கு வெறும் உழைப்பு வலி என்று பிரித்துச் சொல்வது எங்கள் வேலை. ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்களில் ஒரு வகை, கிருமியைக் கண்டால் ஒரு புரதத்தை உண்டாக்கி வெளியே விடும். மற்ற அணுக்களுக்கு அதுதான் தகவல். டி.என்.எஃப். என்று அதற்குப் பெயர். எங்கள் மெஷினை ஓட்டுகிற அண்ணன், அவரை எல்லாரும் மெஷின் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், அவர் அதைக் கூப்பாடு என்பார். எனக்கும் அதுவே சரியென்று படும். நல்ல ஆரோக்கியமான ஆளின் அணுக்கள், யாராவது வம்புக்கு இழுத்தால்தான் கூப்பாடு போடும். நோயாளியின் அணுக்கள் சும்மா இருக்கும்போதே கூப்பாடு போடும்.

அதனால் ஒவ்வொருவர் ரத்தத்தையும் இரண்டு ட்யூபில் பிரிப்போம். ஒன்றில் உசுப்பு மருந்து. அது கிருமியின் மேல்தோலிலிருந்து எடுத்தது. ஒரு சொட்டு விட்டால் போதும், அணுக்கள் ஊரைக் கூட்டிவிடும். இன்னொன்றில் அதை விட மாட்டோம். அதுதான் சும்மா ட்யூப். இரண்டிலும் அணுவின் வாசலை அடைக்கிற ஒரு மருந்தைச் சேர்ப்போம், போடுகிற கூப்பாடு வெளியே போகாமல் உள்ளேயே தங்கிவிடும். உடம்புச் சூட்டில் சில மணி நேரம் வைத்துவிட்டு, சிவப்பணுக்களைக் கரைத்து, மிச்சமிருப்பதை ஆடாமல் அசையாமல் நிறுத்தி, அணுவின் சுவரில் பொடிப்பொடியாக ஓட்டை போட்டு, ஒளிரும் சாயம் ஒட்டிய ஆன்டிபாடியை உள்ளே அனுப்புவோம். அது அந்தக் கூப்பாட்டுப் புரதத்தை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மெஷின். அணுக்கள் வரிசையாக லேசர் வெளிச்சத்தைத் தாண்டிப் போகும். திரையில் அணுவுக்கு ஒரு புள்ளி விழும். வாயைத் திறக்காதது இடது பக்கம், பளிச்சென்று ஒளிர்வது வலது பக்கம்.

நடுவில் ஒரு கோடு உண்டு. அதை மெஷின் போடாது, நாங்கள்தான் போடுவோம். எங்கே போடுவது என்று கேட்பீர்கள். நார்மலான ஒருவரின் சும்மா ட்யூபை அன்றன்றைக்கு முதலில் ஓட்டுவோம். அவருடைய புள்ளிகள் எங்கே முடிகின்றனவோ அதற்கு அடுத்தாற்போல் கோடு. நோயாளியின் புள்ளிகள் கூட்டமாக அந்தக் கோட்டைத் தாண்டினால் நோய், ஊசி மருந்து ஆரம்பிப்பார்கள். தாண்டாவிட்டால், ஓய்வெடுங்கள், நடங்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த நார்மலான ஒருவர் நான்தான்.

இது நானாகக் கேட்டு வாங்கிய இடம் இல்லை. ஆய்வகத் தலைவி டாக்டரம்மா எங்கள் எல்லாருடைய ரத்தத்தையும் பார்த்தார். மெஷின் அண்ணனுக்குத் தூசி பட்டால் தும்மல், அவர் அன்றைக்குப் பார்த்து தும்மிக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு சளி, ஆளுக்கொரு சொத்தைப்பல். என் சும்மா ட்யூபை ஓட்டியதும் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். "இவ்வளவு அமைதியான ரத்தத்த நான் பார்த்ததே இல்ல. நீங்கதான் இனிமே எங்களுக்கு நார்மல்" என்றார். அன்றிலிருந்து எல்லாருக்கும் நான் நார்மல் அக்கா. கடைநிலை ஊழியரிலிருந்து கீழே க்ளினிக்கில் டோக்கன் கொடுக்கிற பெண் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மகிழ்ச்சியாக இருந்தது, அதை மறைப்பானேன். கல்யாணத்தின்போதுகூட என்னை யாரும் அப்படி நாற்காலி போட்டுப் பார்க்கவில்லை.

வீட்டிலும் இது பயன்பட்டது. ஃபேனை எவ்வளவு வேகத்தில் வைப்பது, டிவி சத்தம் எவ்வளவு இருக்கலாம், சாப்பாட்டில் உப்பு போதுமா என்பதெல்லாம் எல்லா வீட்டிலும் சண்டைக்கு இடம் கொடுக்கிற விஷயங்கள். எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லாமல் போயிற்று. எனக்குப் போதும் என்றால் போதும். என் வீட்டுக்காரர் ஆரம்பத்தில் முரண்டு பிடித்தார். "நார்மல்ங்கறது ரத்தத்துக்குத்தாண்டி, உனக்கு இல்ல. நீ சும்மா இருக்கும்போதே கத்துற" என்றார். நான் நிதானமாக, என்னுடைய சும்மா ட்யூபின் படத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அவர் எழுந்து போய் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

அவருக்கு ஒரு தங்கை, என் நாத்தனார். அடுத்த தெருவில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். கைத்தொழிலில் கெட்டிக்காரிதான், அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. அவள் தைத்த சட்டையில் காலர் நிற்கிற அழகே தனி. ஆனால் எதற்கெடுத்தாலும் ஒரு புகார் வைத்திருப்பாள். அந்தக் குளிர்காலத்தில் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"காலையில எந்திரிச்சா விரலே மடங்க மாட்டேங்குது அண்ணி. கத்தரிக்கோல பிடிக்க முடியல. வெந்நீர்ல முக்கி வச்சு, மத்தியானம் ஆனாத்தான் கை என் கை மாதிரி இருக்கு."

"எல்லாருக்கும் அப்படித்தான்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. காலையில் பல் விளக்கும்போது பிரஷ் கையில் நிற்காது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் திறப்பேன். சொட்டு அளந்து விடுகிற பிப்பெட்டின் தலையை அழுத்தக் கட்டைவிரல் ஒத்துழைக்காததால், ட்யூபில் மருந்து விடுகிற வேலையைக் கொஞ்சம் வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொண்டேன். குளிர்காலம் என்றால் எல்லாருக்கும் இருப்பதுதானே. நான் நார்மல். எனக்கு இருக்கிறது என்றால் அது நார்மலாகத்தான் இருக்க வேண்டும். இதில் வாதாட என்ன இருக்கிறது?

அந்தச் சமயத்தில்தான் மெஷின் அண்ணன், "அக்கா, கோடு நகருது" என்றார்.

என் சும்மா ட்யூபை வைத்துத்தானே கோடு போடுவோம். அந்தக் கோடு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் போய்க்கொண்டிருந்தது. டாக்டரம்மா கவலைப்பட்டார். முதலில் ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, பாதிகூடத் தீராத குப்பியைத் தூக்கிப் போட்டார்கள். பொன்னைப் போல் பொத்திப் பொத்தி வைத்திருந்த குப்பி. புதுக் குப்பியிலும் கோடு அங்கேயே நின்றது. அப்புறம் லேசர் மேல் சந்தேகம் வந்தது. கம்பெனியிலிருந்து என்ஜினியர் வந்தார். மெஷினைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்து, டீ குடித்துவிட்டு, "மெஷின் நல்லா இருக்கு. கன்ட்ரோலுக்கு ரத்தம் கொடுக்கிற ஆள் யாராவது மாறிட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஆள் மாறல சார், எங்க நார்மல் அக்காதான்" என்று மெஷின் அண்ணன் சொன்னார். என்னைக் காட்டினார். நான் தலையசைத்தேன். என்ஜினியர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்ப சரி" என்று பெட்டியை மூடினார்.

நீங்கள் என்னைக் குற்றவாளி என்கிறீர்கள். அந்த என்ஜினியரைக் கேட்டீர்களா?

ரத்தம் எடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்பார்கள்: காய்ச்சல் உண்டா, சளி உண்டா, வலி உண்டா, மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா. இல்லை, இல்லை, இல்லை, இல்லை என்பேன். கடைசி 'இல்லை'யைப் பற்றி நீங்கள் துருவிக் கேட்டீர்கள். நான் தினமும் சாப்பிட்டது மெடிக்கல் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற வலி மாத்திரை. சீட்டு இல்லாமல் கொடுக்கிறதை எல்லாம் மருந்துக் கணக்கில் சேர்த்தால் யாருமே நார்மல் இல்லை.

கோடு நகர்ந்ததில் கெடுதல்தான் நடந்தது என்பது போல் எல்லாரும் பேசுகிறார்கள். நல்லதையும் சொல்ல வேண்டும் அல்லவா? அதற்கு முன்னால் கீழேயிருந்து வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் என்று வரும். அழுதுகொண்டே போவார்கள். கோடு நகர நகர நோயாளிகள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒரு கட்டத்தில் நாள் முழுக்க ஓட்டியும் ஒருவருக்குக்கூட நோய் இல்லை. ஊசி இல்லை, மருந்து இல்லை, பக்கவிளைவு இல்லை. இத்தனை பேரை வெறும் கையால் குணமாக்கிய ஆள் அந்தக் கட்டடத்திலேயே நான் ஒருத்திதான். நன்றி சொல்ல யாரும் மாடியேறி வரவில்லை. நொண்டிக்கொண்டு மாடியேற முடியாது என்று மெஷின் அண்ணன் இப்போது சொல்கிறார். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

என் நாத்தனாரும் கீழே க்ளினிக்குக்கு வந்தாள். என்னிடம் சொல்லாமல் தன் அண்ணனை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள், அது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அவள் ரத்தத்தை நான்தான் கையாண்டேன், குறை சொல்ல முடியாதபடி கையாண்டேன். அதில் ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் கோடு, அவள் புள்ளிகள். எதுவும் தாண்டவில்லை. நார்மல்.

அன்று வீட்டில் நான் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. "சந்தோஷப்படு, உனக்கு ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கும் பெரிய நிம்மதி. "நார்மல்னு வந்துருச்சுல்ல, இனிமே அதையே நெனச்சிட்டு இருக்காத. வேலையப் பாரு" என்று தங்கையிடம் சொன்னார். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்ப இந்த வலி எங்கேருந்து வருது?" என்று கேட்டாள். அவளிடம் அப்போது ஒரு பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் வேலை முழுக்க வந்திருந்தது. வலியில்லை என்று நினைத்துக்கொண்டு தைத்திருக்கிறாள். பட்டன் துளையெல்லாம் கோணல். மழை ஆரம்பிப்பதற்குள் அந்த வேலை வேறு கடைக்குப் போய்விட்டது. அதற்கும் என்னைக் காரணம் சொன்னால் நான் என்ன செய்வது? ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பதும் என் வேலையா?

இப்போது வாட்ச்மேன் விஷயத்துக்கு வருகிறேன். அதைத்தான் நீங்கள் எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

வாசலில் புதிதாக ஒரு வாட்ச்மேன் சேர்ந்திருந்தார். ஒல்லியான ஆள். நேரத்துக்குச் சாப்பிடுவார், நேரத்துக்குத் தூங்குவார், சில சமயம் வேலை நேரத்திலும் தூங்குவார். நான் ஒருநாள் லீவு போட்டதால் டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்துவிட்டார். அவருடைய சும்மா ட்யூபை ஓட்டியபோது புள்ளிகள் எல்லாம் இடது மூலையில் ஒண்டிக்கொண்டு கிடந்தனவாம். மறுநாள் நான் உள்ளே நுழைந்ததும் மெஷின் அண்ணன் இதைத்தான் சொன்னார்.

"அக்கா, அவர் கோடு அங்க நிக்குது, உங்க கோடு இங்க நிக்குது. ரெண்டும் எப்படி நார்மலா இருக்கும்?"

"அவரு எப்பவும் தூக்கத்துல இருக்காரு. அவரோட அணுவும் தூங்குது" என்றேன்.

டாக்டரம்மா சிரித்தார். ஆனால் விடவில்லை. "நாளைக்கு ரெண்டு பேருக்கும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துருவோம்" என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. பொறாமை என்று நினைக்காதீர்கள். ஆய்வகத்தின் மேல் இருக்கிற அக்கறை. இத்தனை காலம் ஒரு அளவுகோலை வைத்து எல்லாரையும் அளந்துவிட்டு, இன்றைக்கு வாசலில் கொட்டாவி விடுகிற ஒருவரைக் கொண்டுவந்து இதுதான் சரியான அளவு என்றால், அளந்தவர்கள் கதி என்ன? எத்தனை பேர் மனசு கலங்கும்? அதனால் மறுநாள், வாட்ச்மேனின் சும்மா ட்யூபில் உசுப்பு மருந்தை ஒரு சொட்டு விட்டேன்.

ஒரே ஒரு சொட்டு. அவருடைய அணுக்களுக்கு நான் வேறு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. எழுப்பிவிட்டேன், அவ்வளவுதான்.

திரையில் பார்த்தபோது மெஷின் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். புள்ளிகள் அத்தனையும் வலது பக்கம். என் கோட்டையே தாண்டிப் போயிருந்தன. டாக்டரம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. முந்தாநாள் எடுத்த ரத்தம்தான் ஏதோ கோளாறு, இதுதான் உண்மை நிலை என்று முடிவு செய்தார். வாட்ச்மேனை மேலே கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொன்னார். உடம்பு தன்னைத்தானே தாக்குகிறது, அடுத்த வாரம் ஊசி ஆரம்பிக்க வேண்டும், அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற ஊசி, அதனால் கூட்டத்தில் போகக் கூடாது, சளி பிடித்தவர்கள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

அவர் இறங்கிப் போகும்போது படிக்கட்டில் என்னைப் பார்த்தார். "அக்கா, எனக்கு எங்கயுமே வலிக்கலையே. அதான் பயமா இருக்கு" என்றார்.

"சிலருக்கு வலி தெரியாது" என்று ஆறுதல் சொன்னேன்.

அந்த வாரம் முழுக்க அவர் எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டிருந்தார். குடையை டோக்கன் பெண்ணுக்குக் கொடுத்தார். ஸ்டூலில் போட்டிருந்த மெத்தையை மெஷின் அண்ணனுக்குக் கொடுத்தார். பல வருஷமாகப் பேசாமலிருந்த தன் அக்காவுக்கு ஃபோன் போட்டு மன்னிப்புக் கேட்டாராம், அந்த அம்மாளும் அழுதுகொண்டே புறப்பட்டு வந்துவிட்டாராம். பிரிந்த குடும்பம் ஒன்று சேர்ந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை.

ஊசியை நான் தடுத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். தடுத்திருக்கலாம். வாயைத் திறந்தால் போதும். ஆனால் ஏன் தடுக்கிறாய் என்று கேட்பார்கள் அல்லவா?

தடுத்தது மெஷின் அண்ணன்தான். மெத்தையை வாங்கிக்கொண்ட பிறகு அவருக்கு மனசு உறுத்தியிருக்கிறது. வாட்ச்மேனின் இரண்டு ட்யூபின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். சும்மா ட்யூபும் உசுப்பின ட்யூபும் அச்சு அசல் ஒரே மாதிரி. எப்பேர்ப்பட்ட நோயாளிக்கும் உசுப்பினால் இன்னும் கொஞ்சம் கூடும். இங்கே கூடவே இல்லை. யாருக்கும் சொல்லாமல் வாட்ச்மேனிடம் மறுபடி ரத்தம் எடுத்து, எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்து, மெஷினில் ஓட்டினார். புள்ளிகள் எல்லாம் இடது மூலையில் பழையபடி ஒண்டிக் கிடந்தன. பிறகு, தும்மல் இல்லாத நாளாகப் பார்த்து அவர் தன் ரத்தத்தை ஓட்டினார். விஷயம் தெரிந்ததும் டாக்டரம்மாவும் கையை நீட்டினார். எல்லாருடைய புள்ளிகளும் வாட்ச்மேனுக்குப் பக்கத்திலேயே நின்றன. என்னுடையது மட்டும் தனியாக வலது பக்கம்.

அந்த மெஷினிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு ஐயா. புள்ளிகளை அது அழிக்காது. கோடு மட்டும்தான் நம் கையில். பழைய படத்தைத் திறந்து, கோட்டை வேறு இடத்தில் வைத்தால் அதே புள்ளிகள் வேறு கதை சொல்லும். மெஷின் அண்ணன் ஒவ்வொரு படமாகத் திறந்து வாட்ச்மேனின் கோட்டை வைத்தார். நான் குணமாக்கிய ஆட்கள் எல்லாரும் ஒவ்வொருவராக மறுபடி நோயாளியானார்கள். டாக்டரம்மா அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் ஃபோன் செய்தார். பாதி ஃபோனில் அவர் பேசவே இல்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருக்காக எனக்குப் பரிதாபமாக இருந்தது. ஒரு கோட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

அதில் என் நாத்தனாரும் உண்டு. அவளுக்கு இப்போது ஊசி போடுகிறார்கள். வலி குறைந்திருக்கிறதாம். ஆனால் வலது கையில் இரண்டு விரல் கோணிக்கொண்டுவிட்டது, இனி நிமிராது. அன்றைக்கே ஆரம்பித்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். தையல் மெஷினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதில்லை. டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் அவள் வீட்டுக்கு வந்தாள். காலை நேரம். நான் ஒரு மாத்திரைப் புட்டியின் மூடியைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் காலத்துப் புட்டிகளை யார்தான் திறக்க முடிகிறது? அவள் என் கையிலிருந்து வாங்கி, முழங்கைக்கும் மேசைக்கும் நடுவில் வைத்து, அந்தக் கோணல் விரலாலேயே திருகித் திறந்து கொடுத்தாள். பிறகு என் கையைப் பிடித்து, விரல் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணி, இது வீங்கியிருக்கு. உங்களுக்கும் இது இருக்கு. நானும் முதல்ல இப்படித்தான் இருந்தேன். வாங்க, இன்னைக்கே போலாம். நான் கூட வரேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்காக அழுகிறாளாம். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் நான் கோபப்படவில்லை. கையை விடுவித்துக்கொண்டேன். அப்போது டம்ளர் ஒன்று உடைந்தது உண்மைதான். அது சுவரில் போய் உடைந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். டம்ளர் எங்கே உடைந்தால் என்ன?

நீங்கள் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி ஒரே கேள்விக்கு வருகிறீர்கள். வாட்ச்மேன் ட்யூபில் சொட்டு விட்டதை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். உங்களுக்கு அது போதவில்லை. நாத்தனாரின் ரத்தம் வந்த அன்றைக்கு எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். சரி, அதையும் சொல்கிறேன்.

அன்று எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மெஷின் திரையில் அவளுடைய சும்மா ட்யூப் படம் திறந்திருந்தது. என் புள்ளிகளும் அவள் புள்ளிகளும் அக்கா தங்கை மாதிரி ஒரே சாயலில் இருந்தன. எனக்கு ஏதோ நெருடியது. டாக்டரம்மா நாற்காலி போட்டுப் பார்த்தாரே, என்னுடைய அந்த முதல் படம், அதைத் தேடி எடுத்து, அந்தக் காலத்துக் கோட்டைக் கொண்டுவந்து நாத்தனாரின் புள்ளிகள் மேல் வைத்தேன். பாதிக்கு மேல் தாண்டின. அதே கோட்டை அன்றைய என் புள்ளிகள் மேலும் வைத்தேன். அவளைவிட அதிகமாகத் தாண்டின. பிறகு கோட்டை அன்றைக்கு இருந்த இடத்துக்கே இழுத்து வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நானும் சாப்பிடப் போனேன்.

ஆமாம், தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். ஆனால் நீங்களே நிதானமாக யோசித்துப் பாருங்கள். அவளுக்கு நோய் என்றால் எனக்கும் நோய். எனக்கு நோய் இல்லை. அப்புறம் அவளுக்கு எப்படி இருக்கும்? இதில் எங்கே தப்பு இருக்கிறது, காட்டுங்கள். மெஷின் அண்ணனாலும் காட்ட முடியவில்லை. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்துதானே, கண்டிப்பாகப் போடுகிறேன். பேனாவை இப்படி நீட்டிக்கொண்டே இருக்காதீர்கள், மேசை மேல் வையுங்கள். மத்தியானத்துக்கு மேல் போட்டுவிடுகிறேன். காலையில் யாருக்கு விரல் மடங்குகிறது?